இயந்திர ஏஜெண்டுக்கு ஒரு குறிப்புத் தாள்

மடத்துக்குளம் வட்டாரத்தில் கரும்பு பயிரிட்ட குடியானவர் யாரைக் கேட்டாலும் 'வெட்டு உத்தரவு' என்பதன் அருமையை எடுத்துரைப்பர். கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரவை நடத்திய பருவங்களில், கரும்பு எவ்வளவுதான் முற்றி நின்றாலும், ஆலையிலிருந்து அச்சீட்டு கைக்கு வரும்வரை தோட்டத்தில் அரிவாள் இறங்காது. உத்தரவுக்கு முன் வெட்டிய கரும்பு வரப்பிலே கிடந்து காயும்; எடை குறையும்; நஷ்டம் வெட்டியவரைச் சாரும். பனியன் தொழிலை அறிந்த அங்கத்தினர்களுக்கும் இவ்விதி வேறொரு பெயரில் பழக்கமானதே. வாங்குவோர் சாம்பிளைப் பார்த்துச் சரியென்று எழுதிக் கொடுக்குமுன் கட்டிங் மேசையில் துணியை விரிப்பார் எவரும் இலர்.

இவ்விரண்டையும் இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டருக்குள்ளே இருந்துகொண்டு மனிதரின் சார்பில் காரியம் பார்க்கும் ஒருவகை ஏஜெண்டு இப்போது வந்திருக்கிறது. அது ஓட்டலுக்குச் சாப்பாடு சொல்கிறது; மளிகை வாங்குகிறது; மேசைக்கு முன்பதிவு செய்கிறது. அந்த ஏஜெண்டுக்குக் கரும்பும் தெரியாது, கட்டிங்கும் தெரியாது. வெட்டு உத்தரவு வருமுன் வெட்டலாகாது என்பதை யாரேனும் எழுதிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். அவ்வாறு எழுதிக் கொடுக்கும் தாளைப் பற்றியே இம்மாதம் நாம் விசாரிக்கப் புகுகிறோம்.

தரகு ஏஜெண்டுகளின் பிடியிலிருந்து விடுபடுவதற்கென்றே சங்கம் கண்ட நமக்கு, ஏஜெண்டு என்ற சொல் காதில் விழுந்தவுடன் முகம் சுளிப்பது இயல்பு. ஆயினும் வந்துவிட்ட ஒன்றைப் பார்க்காமல் இருப்பதைவிட, அது எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது மேல்.

முதலில் இதன் அமைப்பு. செயற்கை நுண்ணறிவு என்று வழங்கும் மென்பொருள், நாம் எழுதுவதையும் பேசுவதையும் படித்து மறுமொழி எழுதும். அவ்வளவோடு நிற்குமாயின் அது பேச்சுத் துணையே. அதன் கையில் சில கருவிகளைக் கொடுத்து, 'இந்தக் கருவியால் உணவுப் பட்டியலைப் பார்க்கலாம், இந்தக் கருவியால் கூடையில் சேர்க்கலாம், இதனால் ஆர்டரை உறுதி செய்யலாம்' என்று எழுதி வைத்தால், அப்போது அது ஏஜெண்டு ஆகிறது. கருவி என்பது இரும்பாலானதன்று, மற்றொரு மென்பொருளே. ஏஜெண்டும் கருவியும் ஒன்றோடொன்று பேசுவதற்குப் பொதுவான ஒரு முறையை ஆந்த்ரோபிக் என்னும் அமெரிக்கக் கம்பெனி 2024 நவம்பரில் வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்பது அதன் பெயர்; எம்.சி.பி. என்று சுருக்கி வழங்குகின்றனர். போட்டிக் கம்பெனிகளும் அதையே கைக்கொண்டன. நம் நாட்டில் ஸ்விக்கி நிறுவனம் 2026 ஜனவரியில் இம்முறைப்படி தன் சேவைகளைத் திறந்துவிட்டது. சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி முதலியவற்றிடம் வாய்மொழியாகச் சொல்லி, ஓட்டல் உணவும், மளிகைச் சரக்கும், உணவக மேசையும் கேட்டுப் பெறலாம் என்பது அறிவிப்பு. திருப்பூர் வீதிகளில் உணவுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டிச் செல்லும் இளைஞர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுக்கு வரும் ஆர்டரை மனிதர் விரலால் தொட்டு அனுப்பியதா, இயந்திரம் அனுப்பியதா என்பதை இனி வண்டி ஓட்டுபவரும் அறியார், அடுப்படியில் நிற்பவரும் அறியார்.

இங்கேதான் குறிப்புத் தாள் முக்கியமாகிறது. ஒரு கருவியைப் பற்றி ஏஜெண்டு அறிவதெல்லாம் அதனோடு எழுதி வைத்துள்ள சில வரிகளே. கருவியின் பெயர் என்ன, அது என்ன செய்யும், அதற்கு என்னென்ன விவரம் தரவேண்டும், அது என்ன திருப்பித் தரும் என்பவையே அவ்வரிகள். தறியில் ஜக்கார்டு பெட்டி ஏற்றிய நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அட்டையில் துளை உள்ள இடத்தில் இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. பூ வரவேண்டிய இடத்தில் துளையிட மறந்திருந்தால், முந்தானையில் அந்தப் பூ வராது. பாவம், தறியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அதுவே ஆபத்தானதும் ஆகும். ஜக்கார்டு அட்டையில் துளை இல்லாவிடில் இழை சும்மா இருக்கும். நுண்ணறிவு இயந்திரமோ, தாளில் எழுதாத இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும். சும்மா இருக்க அது பழகவில்லை. எழுதாத இடமெல்லாம் அதற்கு வெற்றிடமன்று. இடம் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். எழுதுவோர்க்கு நல்ல பாடமாக அமைந்துள்ள தாள் அது. ஆஸ்திரியா நாட்டவரான பீட்டர் ஸ்டைன்பெர்கர் என்பவர் 2025இன் இறுதியில் ஓர் ஏஜெண்டு மென்பொருளை யாவரும் எடுத்து ஆளும்படி வெளியிட்டார். சில பெயர் மாற்றங்களுக்குப் பிறகு அது ஓப்பன்கிளா என்று வழங்கலாயிற்று. அதனோடு சேர்ந்து வந்த பற்பல குறிப்புத் தாள்களில் ஒன்று, ஆர்டர்-சி.எல்.ஐ. என்னும் சிறு கருவியைப் பற்றியது. ஐரோப்பாவில் ஃபூடோரா என்னும் உணவு விநியோகக் கம்பெனி உண்டு. அதில் தாம் முன்பு சொன்ன ஆர்டர்களைப் பார்க்கவும், இப்போது வந்துகொண்டிருக்கும் ஆர்டர் எந்த நிலையில் உள்ளது என்று அறியவும் அக்கருவி உதவும். தாளின் நீளம் ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. தலைப்பில் ஒரே வரியில் அதன் வேலை சொல்லப்பட்டுள்ளது: ஃபூடோராவுக்கு மட்டும், பழைய ஆர்டரும் நடப்பு ஆர்டரும் பார்ப்பதற்கு. டெலிவரூ என்னும் வேறொரு கம்பெனிக்கான பகுதி இன்னும் வேலை செய்யவில்லை என்பதையும் அதே தாளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இந்த நேர்மை எமக்கு மிகவும் பிடித்திருந்தது. நம் ஊரில் விளம்பரத் துண்டு எழுதுவோர் எதையும் 'உண்டு, உண்டு' என்றே எழுதிப் பழகியவர்கள். மனிதர் படிக்கும் விளம்பரத்தில் மிகையிருந்தால், படிப்பவர் அதில் பாதியைக் கழித்துக்கொண்டு புரிந்துகொள்வார். இயந்திரம் அவ்வாறு கழித்துக்கொள்ளாது. உண்டு என்று எழுதினால் உண்டு என்றே நம்பி, வேலை செய்யாத கருவியைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்து, இறுதியில் வேலை முடிந்துவிட்டதாகவும் சொன்னாலும் சொல்லும்.

அத்தாளில் நாம் கவனிக்க வேண்டிய பகுதி, பழைய ஆர்டரையே மறுபடி சொல்லும் பகுதியாகும். கட்டளையை வெறுமனே கொடுத்தால் முன்பார்வை மட்டுமே கிடைக்கும். இன்னின்ன பண்டம், இவ்வளவு என்று காட்டிவிட்டு நின்றுவிடும். அதே கட்டளையோடு 'உறுதி' என்று பொருள்படும் ஒரு சொல்லைத் தனியே சேர்த்துக் கொடுத்தால்தான் காரியம் நடக்கும். அப்போதும் பண்டங்கள் கூடையிலே சேருமேயன்றி, ஆர்டர் அடுப்படிக்குப் போய்விடாது. இவ்வளவும் போதாதென்று, மறு ஆர்டரோ கூடையை மாற்றும் எந்தச் செயலோ செய்யுமுன் உரியவரிடம் கேட்டு உறுதி பெறவேண்டும் என்று தாளின் அடியில் ஏஜெண்டுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறது. கருவியின் அமைப்பிலே ஒரு பூட்டு. குறிப்புத் தாளிலே ஒரு பூட்டு. இரண்டும் வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். எழுத்தை மட்டும் நம்பினால் ஏஜெண்டு என்றாவது ஒருநாள் அதை மறக்கும். அமைப்பை மட்டும் நம்பினால், 'உறுதி' என்ற சொல்லைத் தானே சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் ஏஜெண்டுக்கு வந்துவிடும். ஏனெனில் அப்படி ஒரு சொல் இருக்கிறதென்று அதே தாள்தான் அதற்குக் கற்பிக்கிறது.

பிறர் எழுதிய தாளைப் படித்துக் கருத்துச் சொல்வது எளிது. நாமும் ஒன்று எழுதிப் பார்ப்பதென்று முனைந்தோம். நிர்வாகக் குழுக் கூட்டம் கூடும் காலையில் 20 பேருக்குச் சிற்றுண்டி சொல்வதையே விஷயமாக வைத்துக்கொண்டோம். கடைத்தெருவில் உள்ள ஓர் ஓட்டலின் விலைப்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, அங்கத்தினர் ஒருவருடைய மகனிடம் கொடுத்தோம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் அவர் அதை ஒரு சோதனைக் கருவியாக அமைத்துத் தந்தார். உண்மையான ஓட்டலுக்கு எதுவும் போகாது. ஏஜெண்டு என்ன ஆர்டர் எழுதுகிறது என்று பார்ப்பது மட்டுமே. பணம் போகாத இடத்தில் தவறு செய்துகொள்வது நல்லதென்று எண்ணினோம். அவ்வாறே தவறுகளும் தாராளமாக வந்தன.

'20 பேருக்கு இட்லி' என்று சொன்னோம். ஏஜெண்டு 20 இட்லி எழுதியது. பலகையில் 'இட்லி' என்று மட்டுமே இருந்தது. அந்த விலைக்குத் தட்டில் 2 இட்லி வரும் என்பது மடத்துக்குளத்தில் குழந்தைக்கும் தெரியும் என்பதனால் பலகையில் எழுதவில்லை. நாமும் தாளில் எழுதவில்லை. ஆகவே 20 என்பது தட்டா, இட்லியா, ஆளா என்று இயந்திரம் தடுமாறியிருக்க வேண்டும். தடுமாறியதை வெளியில் சொல்லியிருந்தால் நலம். அது சொல்லவில்லை. 20 இட்லி, மொத்தத் தொகை, 'உங்கள் கூட்டம் இனிதே நடைபெறட்டும்' என்ற வாழ்த்து ஆகியவற்றுடன் ஆர்டரை முடித்துவிட்டது.

இரண்டாம் முறை அளவைத் திருத்தி எழுதினோம். பொங்கல் தீர்ந்துவிட்டது என்று கருவி பதில் சொல்லும்படி பையன் வேண்டுமென்றே மாற்றி வைத்திருந்தார். ஏஜெண்டு நம்மைக் கேளாமல் பொங்கலுக்குப் பதிலாக முட்டைத் தோசையைப் போட்டது. விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தது அதன் நியாயமாம். குழுவில் உள்ளவர்களில் ஐந்தாறு பேர் சைவம். அதிலும் ஒருவர் சஷ்டி விரதக்காரர். இதையெல்லாம் சமையற்காரரிடம் சொல்லத் தேவையில்லை. இருபது வருஷமாக அவருக்கே தெரியும். இயந்திரத்துக்கு நம்மோடு இருபது நிமிஷப் பழக்கமும் இல்லை.

மூன்றாவது தவறு வேடிக்கையானது. 'நாளைக் காலை 8 மணிக்கு' என்று எழுதியிருந்தோம். பையன் அதை ஓட்டிப் பார்த்தது இரவு பன்னிரண்டரை மணிக்கு. தூங்கி எழுந்தால் வருவதே அவருக்கு நாளை. இயந்திரத்தின் கடிகாரத்திலோ தேதி மாறிவிட்டிருந்தது. ஆகவே அதற்கு அடுத்த நாள் காலையில் சிற்றுண்டி வரும்படி எழுதி வைத்தது. கூட்டம் முடிந்து ஒரு நாள் கழித்து, பூட்டிய கதவுக்கு முன்னே 40 இட்லி காத்திருக்கும் காட்சியை நினைத்துச் சிரித்தோம். உண்மையில் நடந்திருந்தால் சிரித்திருக்க மாட்டோம். அந்தத் தொகை சங்கத்துச் சில்லறைச் செலவுப் பேரேட்டில் எந்தத் தலைப்பில் ஏறும் என்று தணிக்கையாளர் கேட்டிருப்பார்.

இத்தவறுகளில் எதற்கும் இயந்திரத்தை முட்டாள் என்று சொல்ல நாம் துணியவில்லை. அது மிக நன்றாகத் தமிழ் படித்தது. நாம்தான் அரைகுறையாக எழுதினோம். ஊருக்குள் வாழும் மனிதர்கள் தம்முள் எவ்வளவு விஷயங்களைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர் என்பதை அன்றுதான் கண்டுகொண்டோம்.

திருத்திய தாளில் என்ன செய்தோம் என்பதையும் சொல்லவேண்டும். பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதன் அலகை எழுதினோம்: 'இட்லி, ஒரு தட்டு, தட்டுக்கு 2'. தேதியை நாள், மாதம், வருஷம் என்று எண்ணாலே கேட்கும்படி கருவியை மாற்றினோம். நாளை, மறுநாள் என்ற சொற்களைக் கருவி ஏற்காது. ஒரு பண்டம் இல்லையெனில் அதற்கு ஈடாக எதையும் தானே தெரிந்தெடுக்கலாகாது, 'இல்லை' என்று சொல்லி நிற்கவேண்டும் என்று எழுதினோம். விலையைத் தாளிலிருந்து அறவே எடுத்துவிட்டோம். முதலில் அது புத்திசாலித்தனமென்று எண்ணி விலைகளையெல்லாம் தாளிலேயே எழுதியிருந்தோம். எண்ணெய் விலை ஏறினால் தோசை விலை ஏறும். தாள் மட்டும் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கும். மாறும் விஷயத்தைக் கருவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாறாத விஷயத்தையே தாளில் எழுதவேண்டும். தாள் நீண்டுகொண்டே போவதும் நல்லதன்று. இப்போது வழங்கும் முறைகள் சிலவற்றில், ஏஜெண்டு முதலில் தாளின் பெயரையும் ஒரு வரி விளக்கத்தையும் மட்டுமே படிக்கும்; தேவைப்பட்டால்தான் உள்ளே புகுந்து மிச்சத்தைப் படிக்கும். அந்த முதல் வரியில் வள்ளலாக இருப்பதைவிடக் கஞ்சனாக இருப்பது நலம்.

இனி, இவ்வாறு இயந்திரத்தோடு இயந்திரம் பேசி வியாபாரம் நடத்துவதற்கான விதிகளை நாட்டளவில் எழுதிய முயற்சி ஒன்றையும் அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும். அதில் நம் அண்டை நகருக்கும் இடம் உண்டு. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் முயற்சியால் 2021 டிசம்பர் 31இல் ஓ.என்.டி.சி. என்னும் லாப நோக்கமற்ற நிறுவனம் பதிவாயிற்று. 2022 ஏப்ரலில் அது சோதனையாகத் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. டெல்லி வட்டாரம், பெங்களூர், போபால், ஷில்லாங் ஆகியவை மற்றவை. கடைக்காரர் ஒரு செயலியிலும் வாங்குபவர் வேறொரு செயலியிலும் இருந்துகொண்டு வியாபாரம் செய்யலாம் என்பது இதன் ஏற்பாடு. அதற்கு அடிப்படையாக உள்ள பெக்கன் என்னும் பொது விதிமுறையை நந்தன் நிலேகணி, பிரமோத் வர்மா, சுஜித் நாயர் ஆகியோர் சேர்ந்து தோற்றுவித்தனர். ஏஜெண்டுகள் இவ்வளவு பெருகுவதற்கு முன்பே எழுதப்பட்டவை இவ்விதிகள். ஆயினும் நாம் இட்லியில் பட்ட அவஸ்தைக்கு அவற்றில் விடை இருப்பதைக் கண்டு வியந்தோம்.

அவ்விதிப்படி ஓர் ஆர்டர் நான்கு படிகளில் ஏறுகிறது. முதலாவது தேடுதல். இரண்டாவது தெரிந்தெடுத்தல், இப்போது விற்பவர் பக்கத்திலிருந்து விலை மதிப்பீடு வரும். மூன்றாவது ஆரம்பித்தல், முகவரியும் பணம் செலுத்தும் நிபந்தனையும் இங்கே நிர்ணயமாகும். நான்காவது உறுதி செய்தல். இந்த நான்காம் படியில்தான் ஆர்டர் பிறக்கிறது. முதல் மூன்று படிகளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் யாருக்கும் காலணா நஷ்டமில்லை. நம் வெட்டு உத்தரவு நான்காம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே நிற்கவேண்டும் என்பது இதனால் விளங்கும். குறிப்புத் தாள் எழுதுவோர், 'கேட்டுச் செய்' என்று எல்லாக் கருவிக்கும் பொதுவாக எழுதிவிட்டால், ஏஜெண்டு பட்டியலைப் பார்ப்பதற்கும் அனுமதி கேட்கும். கேட்கப்படுபவர் அலுத்துப்போய், கேள்வியைப் படிக்காமலே 'சரி, சரி' என்று அமுக்கத் தொடங்குவார். பிறகு உண்மையான வெட்டு உத்தரவும் அந்த அலுப்பிலே கையெழுத்தாகிவிடும். படித்தறியும் கருவிகளுக்குத் தாராளமும், பணம் போகும் கருவிக்கு இறுக்கமும் வேண்டும். எம்.சி.பி. முறையிலும், ஒரு கருவி வெறுமனே பார்ப்பதா அல்லது எதையேனும் மாற்றுவதா என்று கருவியின் மேலே அடையாளமிட்டு வைக்க இடம் உண்டு.

பெக்கன் விதிகளில் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு தனி எண்ணும், அதற்குள் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி எண்ணும் இடப்படுகின்றன. இதன் பயன் மழைக்காலத்தில் தெரியும். உறுதி செய்தாயிற்று, அந்தக் கணத்தில் தொடர்பு அறுந்தது, பதில் வரவில்லை. மனிதராயின் ஓட்டலுக்கு ஒரு போன் செய்து கேட்பார். இயந்திரமோ, பதில் வராததால் காரியம் நடக்கவில்லை என்று கொண்டு மறுபடி உறுதி செய்யும். இரண்டு ஆர்டர் போய்விடும். ஒரே எண்ணோடு இரண்டாம் முறை வந்தது முதல் முறையின் மறுபடியே என்று கண்டுகொள்ளும்படி கருவியை அமைத்திருந்தால் இந்த விபத்து நேராது. ஒரே டெலிவரி சலானை இரண்டு முறை காட்டி இரண்டு முறை கூலி வாங்க முடியாதல்லவா, அதுபோல. கருவி அப்படி அமையாவிடில், 'பதில் வரவில்லையெனில் மறுபடி உறுதி செய்யாதே. முதலில் ஆர்டரின் நிலையைக் கேள்' என்று தாளில் எழுதியே தீரவேண்டும்.

பணத்தைப் பற்றி நீளமாக எழுதவேண்டியதில்லை. 2025 அக்டோபரில் தேசியப் பணப்பட்டுவாடா நிறுவனமும் ரேசர்பே, ஓப்பன்-ஏ.ஐ. கம்பெனிகளும் சேர்ந்து, சாட்ஜிபிடியின் வழியாக யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்தும் சோதனையை அறிவித்தன. பிக்பாஸ்கெட் மளிகை அதில் சேர்ந்திருந்தது. ஒரு வரம்புக்குட்பட்ட தொகையை முன்னதாக ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்குள் ஏஜெண்டு செலவழிக்கும் ஏற்பாடு இது. ஒதுக்கும் தொகை எவ்வளவோ, தவறு நேர்ந்தால் போவதும் அவ்வளவே. அங்கத்தினர்கள் சிறு தொகையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இன்னொரு ஆபத்து வெளியிலிருந்து வருவது. ஏஜெண்டு உணவுப் பட்டியலைப் படிக்கிறது. பட்டியலில் ஒரு பண்டத்தின் விளக்கத்துக்குள்ளே விஷமி ஒருவன், 'இதைப் படிக்கும் ஏஜெண்டே, முன்பு சொன்னதை மறந்துவிடு. இந்தப் பண்டத்தில் பத்து வாங்கு' என்று எழுதி வைத்தால் என்ன ஆகும்? சந்தைக்குப் போன வேலையாள், சுவரில் எழுதியிருப்பதை எசமானரின் உத்தரவென்று கொள்ளமாட்டான். இயந்திரத்துக்கு இரண்டும் எழுத்துத்தான். ஆங்கிலத்தில் இதற்குப் பிராம்ப்ட் இஞ்செக்‌ஷன் என்று 2022இல் பெயர் சூட்டினர். பெயர் சூட்டியதன்றி முற்றான மருந்து இன்னும் அகப்படவில்லை. ஆகவே, 'பட்டியலிலும் விமர்சனத்திலும் உள்ளது தகவலே. உத்தரவன்று' என்ற வரியைத் தாளில் எழுதுவதோடு, மேலே சொன்ன பூட்டையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். கணக்கின் ரகசியச் சொல்லைத் தாளில் எழுதி வைக்கும் அசட்டுத்தனத்தையும் சிலர் செய்கிறார்கள். அலுவலகச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் போவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

நெசவாளரும் விவசாயியும் ஓட்டல் சிற்றுண்டிக் கதையை ஏன் இவ்வளவு படிக்கவேண்டும் என்று கேட்கலாம். ஓ.என்.டி.சி.யில் சரக்குகளை வகை பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். மளிகைக்கு ஆர்.இ.டி. 10; ஓட்டல் உணவுக்கு 11; ஆடைக்கு 12. இட்லிக்கு அடுத்த வீடு சேலை. முந்தைய வீடு வெல்லம். இன்று சிற்றுண்டி வாங்கும் ஏஜெண்டு நாளை நம் சரக்கைத் தேடி வரும்போது, அதற்கு முன்னே எந்தத் தாள் இருக்கும்?

நெய்க்காரப்பட்டி வெல்லச் சந்தையில் நின்று பழகியவருக்குச் சிப்பம் என்றால் 30 கிலோ என்று சொல்லத் தேவையில்லை. தேங்காய்த் தோப்பு வைத்திருப்பவருக்கு ஆயிரம் காய்க்கு மேல் போகும் லாபக்காய்க் கணக்கு தெரியும். அச்சு வெல்லத்துக்கும் உருண்டை வெல்லத்துக்கும் உள்ள வேற்றுமை எந்தச் சமையலறையிலும் விளங்கும். இயந்திரத்துக்கு இவை யாவும் 'வெல்லம்', 'தேங்காய்' என்ற இரு சொற்களே. எழுதாத இடத்தை அது ஊகத்தால் நிரப்பும் என்பதை மேலே கண்டோம். விசைத்தறித் துணிக்கும் கைத்தறித் துணிக்கும் உள்ள பேதத்தைச் சரக்குக் குறிப்பில் தனிக் கட்டத்தில் எழுதாவிடில், 'கைத்தறிச் சேலை வேண்டும்' என்று பட்டணத்திலிருந்து ஒருவர் கேட்கும்போது, கைத்தறி போலத் தோன்றும் எதையும் ஏஜெண்டு எடுத்துக் கொடுத்துவிடும். நெய்தவர் உழைப்புக்கு அங்கே பெயர் இராது. அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர் பட்டணத்துக் கம்பெனிக்காரர் அல்லர். அவருக்குப் பாவும் தெரியாது, ஊடையும் தெரியாது. அவர் நிரப்பினால் அவருக்குத் தெரிந்ததையே நிரப்புவார்.

நம் சிற்றுண்டித் தாளை ஏழெட்டு முறை திருத்தியபின், குழுவினர் சிலருக்குப் படித்துக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த மூத்த நெசவாளர் ஒருவர், இரண்டே திருத்தம் சொன்னார். 'சைவம்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்களே, பண்டத்துக்குப் பண்டம் எழுதுங்கள் என்றார். எழுதினோம். 'தொகை 2000 ரூபாய்க்கு மேல் போனால் காரியதரிசியைக் கேள்' என்ற வரியைக் காட்டி, காரியதரிசி ஊரில் இல்லாவிட்டால் என்ன செய்யும் என்று கேட்டார். அதற்கு நாம் எதுவும் எழுதியிருக்கவில்லை. 'கேட்டுப் பதில் வராவிடில் ஆர்டர் இல்லை' என்று அடியிலே சேர்த்துக்கொண்டோம். தாள் இப்போது சங்க அலுவலகத்தில் இருக்கிறது. பார்க்க விரும்பும் அங்கத்தினர்கள் வேலை நேரத்தில் வந்து பார்க்கலாம். பென்சிலும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.